பேச்சிக்குப் போகாத பால்மாவு

காரைக்குடியில் அமலதாஸ் வாத்தியார் வீட்டில் காலைப் பத்திரிகையை முதலில் பிரிப்பது அவர் மனைவி அடைக்கலமேரிதான். 1968ஆம் வருஷத்துக் கோடையிலிருந்து அப்படி. செய்தி படிக்க அல்ல, படம் பார்க்க. வயிறு உப்பி, கைகால் குச்சியாகிப்போன ஆப்பிரிக்கக் குழந்தைகளின் படங்கள் அப்போது அடிக்கடி வந்துகொண்டிருந்தன. அவள் பத்திரிகையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள்.

"இது இல்லங்க. நம்ம பிள்ளைக்கு ஏறுநெத்தி" என்பாள்.

அமலதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார்.

அவர் கணக்கு வாத்தியார். அடைக்கலமேரி பக்கத்து ஊரான மானகிரிக்காரி. கலியாணமாகிச் சில வருஷங்களில் அவருக்கு நைஜீரியாவில் வேலை கிடைத்து இருவரும் கப்பலேறினார்கள். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் ஒரு சிற்றூர், அதில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். இங்கிருப்பது போலவே செம்மண். மழைக்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

வீட்டு வாசலுக்குக் கிழங்கு கொண்டுவந்து விற்கும் ஒரு பெண் மூன்று வயது மகளையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவாள். அடுத்த பிரசவத்தில் அந்தப் பெண் இறந்துபோனாள். தகப்பன் துறைமுகத்து வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. சித்திக்காரி எடுத்துக்கொண்டாள், ஆனால் அவளுக்கே வீடு நிறையப் பிள்ளைகள். குழந்தை காலையில் அடைக்கலமேரியின் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் போகும். பிறகு பொழுது சாய்ந்தும் போகவில்லை. பாதிரியாரை வைத்துச் சித்தியிடம் பேசித் தங்களுடனேயே வைத்துக்கொண்டார்கள்.

குழந்தையின் பெயர் ங்கேச்சி. கடவுள் கொடுத்தது என்று அந்தப் பாஷையில் பொருளாம். அடைக்கலமேரியின் காதில் அது பேச்சி என்றுதான் விழுந்தது. நாலு வருஷத்தில் பேச்சி மானகிரித் தமிழ் பேசினாள். "இன்னைக்குச் சோறு கொழைஞ்சு போச்சு, எனக்கு வேணாம்" என்று தட்டை அங்குட்டுத் தள்ளுவாள். கருவாடு சுட்டால் அங்குட்டு இங்குட்டு நகரமாட்டாள். அமலதாஸின் தோளில் ஏறிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி வருவாள்.

1967இல் அந்தக் கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்று தனிநாடாகத் தன்னை அறிவித்தது. சண்டை மூண்டது. வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. பேச்சியையும் கூட்டிக்கொண்டுதான் இருவரும் போனார்கள். ஏணிப்படியில் நின்ற அதிகாரி அவர்களுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தார்.

"எங்கள் பிள்ளை" என்றார் அமலதாஸ்.

"இதில் இல்லையே" என்றார் அதிகாரி. அவர் கோபக்காரர் அல்ல. பின்னால் நூற்றுக்கணக்கான பேர் மூட்டை முடிச்சுகளோடு நின்றார்கள். அமலதாஸ் கெஞ்சினார், சத்தம் போட்டார், மறுபடியும் கெஞ்சினார். அடைக்கலமேரி, "நீங்க போங்க, நான் பிள்ளையோட இருந்துக்கறேன்" என்றாள். அதற்கும் அனுமதி இல்லை. வழியனுப்ப வந்திருந்த சித்தி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சி அழவில்லை. அவர்கள் சந்தைக்குப் போய்வரப் போகிறார்கள் என்றே அவள் எண்ணியிருக்க வேண்டும். "எனக்கு ரிப்பன் வாங்கிட்டு வாங்கம்மா" என்றாள்.

ஊருக்கு வந்த பிறகு அடைக்கலமேரி அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாலு பேர் நாலுவிதமாகக் கேட்பார்கள். பெத்த பிள்ளையா என்பார்கள். அப்புறம் அந்தப் படங்கள் வரத் தொடங்கின. பயாஃப்ராவை நைஜீரிய சர்க்கார் சுற்றி வளைத்துவிட்டது, கடல்வழியும் தரைவழியும் அடைபட்டுவிட்டன, பிள்ளைகள் பட்டினியில் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் நேரே பங்குச்சாமியாரிடம் போனாள்.

"சாமி, நம்ம ஊர்லேருந்து ஏதாச்சும் செய்யணும்."

சாமியார் வயதானவர், இரக்கமுள்ளவர். "அடுத்த வாரம் அந்த ஜனங்களுக்காக விசேஷமா மன்றாடுவோம்மா" என்றார்.

"நான் மன்றாடிக்கிட்டுத்தான் சாமி இருக்கேன். வாயில கஞ்சி யாரு ஊத்துறது?"

அன்றைக்குத்தான் அவள் பேச்சியைப் பற்றி முதல்முதலாக வெளியில் சொன்னாள். கேட்டு முடித்தவர் தலையைத் தடவிக்கொண்டு, "என்ன செய்யணும்னு சொல்லு. நான் கூட நிக்கிறேன்" என்றார்.

சாமியாருக்குப் பழக்கமான மெய்யநாதன் செட்டியாரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் ரங்கூனில் கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது காடும் மலையுமாக நடந்து ஊர் வந்து சேர்ந்தவர். நடக்கும் வழியில் தம்பியைப் பறிகொடுத்தவர். அடைக்கலமேரி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாங்க நடந்து வாரப்போ மேல ஒரு பிளேன் போகும். கீழ இருக்கிறவன் சாகுறது அவனுக்குத் தெரியுமான்னு என் தம்பி கேப்பான்" என்றார். பிறகு, "கூட்டம் போட நம்ம வீட்டு முகப்பு இருக்கு. எத்தனை பேரு வந்தாலும் உக்காரலாம். நீங்க பேசுங்க வாத்தியாரம்மா" என்றார்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்கய்யா."

"எங்கிட்ட இப்பப் பேசுனீகளே, அது போதும்."

கூட்டத்துக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். கல்லூரி மாணவர்கள், மாதாகோயில் பெண்கள், கடைக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அடைக்கலமேரி எழுந்து நின்று நாலு வாக்கியம் பேசுவதற்குள் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார்.

"அம்மா, கோவிச்சுக்காதீக. நம்ம ஜில்லாவுலயே மழையில்ல. கம்மாய் வறண்டு கெடக்கு. இங்க இருக்கிறவன் கஞ்சிக்கு அலையுறப்ப ஆப்பிரிக்காவுக்குப் பால்மாவு அனுப்பணுங்கிறீகளே, இது ஞாயமா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. இராமநாதபுரம் ஜில்லா அந்த வருஷம் காய்ந்துதான் கிடந்தது. அடைக்கலமேரி சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"ஞாயமான்னு எனக்குத் தெரியலைங்க. அங்க நான் வளத்த பிள்ளை ஒண்ணு இருக்கு. பேரு பேச்சி" என்றாள்.

"பேச்சியா? நம்ம ஊருப் பேரால்ல இருக்கு" என்றாள் முன்வரிசையில் இருந்த மலையம்மாள். சந்தையில் கடலை விற்கிறவள். யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று. அடைக்கலமேரி கப்பலடியில் நடந்ததை அப்படியே சொன்னாள். கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் ஊர்வலம் போனது. கோயிலிலிருந்து கல்லுக்கட்டிக் கடைவீதி வழியாகத் தபாலாபீசு வரை. முன்னால் சாமியாரும் மெய்யநாதன் செட்டியாரும். பெண்கள் வரிசைக்கு முன்னால் அடைக்கலமேரி. "சண்டையை நிறுத்து! சோற்றை அனுப்பு!" என்று கல்லூரிப் பையன்கள் கத்த, பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். காரைக்குடிக் கடைவீதியில் யாரைப் பார்த்து யார் அதைச் சொல்வது என்று அமலதாஸுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவரும் கத்தினார். தபாலாபீசில் டெல்லி சர்க்காருக்கும் ஐக்கிய நாடுகள் சபைக்கும் தந்தி கொடுத்தார்கள். போர்நிறுத்தம் வேண்டும், பட்டினி கிடப்பவர்களுக்கு உணவு போக வழி விட வேண்டும், இவ்வளவுதான் வாசகம். தந்தி கொடுத்துவிட்டு வெளியே வந்த அடைக்கலமேரியின் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

பொருள்கள் வந்து சேர்ந்தன. பால்மாவு டின்கள்தான் அதிகம். சத்துக் குறைவால்தான் வயிறு வீங்குகிறது, மீனும் பயறும் வேண்டும் என்று ஒரு டாக்டர் சொன்னதால் தொண்டியிலிருந்து நெத்திலிக் கருவாடு வந்தது. மலையம்மாள் அரைமூட்டைக் கடலை கொண்டுவந்து இறக்கினாள். "பேச்சிக்கு அவிச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள். கருப்பையா ஆசாரி கூலி வாங்காமல் பலகைப்பெட்டி அடித்துக்கொடுத்தார். கடல்காற்று பட்டால் ஈரம் ஏறும் என்று உள்ளே தகரம் வைத்து அடித்தார். பெட்டிகள் ரயிலேறி மதராஸுக்குப் போயின. அங்கே ஒரு நிவாரணச் சங்கம் வாங்கிக் கப்பலில் அனுப்புவதாக ஏற்பாடு.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. அமலதாஸ் எழுதிய கடிதங்களுக்கு, ஆவன செய்யப்பட்டு வருகிறது என்று ஒரே மாதிரியான பதில் வந்தது. பொங்கல் கழித்து அமலதாஸும் அடைக்கலமேரியும் மெய்யநாதன் செட்டியாரும் மதராஸுக்கு ரயிலேறினார்கள்.

சங்கத்தின் காரியதரிசி நல்ல மனிதர். அவரே அவர்களைக் கூட்டிக்கொண்டு சர்க்கார் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி மூவருக்கும் நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார்.

"நாங்க அனுப்பக்கூடாதுன்னு சொல்லலை. அங்கே ஒரு சர்க்கார் இருக்கு. அவங்க மூலமாத்தான் அனுப்ப முடியும். அவங்களை மீறி அனுப்பினா ஒரு நாட்டோட உள்விவகாரத்துல தலையிட்ட மாதிரி ஆயிடும்" என்றார்.

"அந்தச் சர்க்கார்தானய்யா சுத்தி வளைச்சிருக்கு?" என்றார் செட்டியார்.

"ஆமாம்."

"அப்ப அவுக மூலமா அனுப்புனா எப்படிப் போய்ச் சேரும்?"

அதிகாரி கையை விரித்தார். கேலியாக விரிக்கவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "போப்பாண்டவரே சொல்லிப் பாத்துட்டார். பெரிய பெரிய நாடெல்லாம் சொல்லிப் பாத்தாச்சு. நான் இங்கே உக்காந்து என்னம்மா செய்ய முடியும்?" என்று அடைக்கலமேரியிடம் சொன்னார்.

அவளுக்கு அவரோடு சண்டை போட ஆசையாக இருந்தது. அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால்கூடப் போட்டிருப்பாள். காபி டம்ளரைத் தொடாமல் எழுந்தாள்.

கிடங்குக்குப் போய்ப் பார்த்தார்கள். கருப்பையா ஆசாரியின் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபடி இருந்தன. ஆணி அசையவில்லை. ஆனால் கருவாட்டுப் பெட்டியைச் சுற்றிப் புழு ஊர்ந்தது. கடலைப் பெட்டியைத் திறந்தால் பூஞ்சை பிடித்துப் பச்சை பாரித்திருந்தது. செட்டியார் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அடைக்கலமேரி முழந்தாளிட்டு உட்கார்ந்து நல்ல கடலையைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"மேரி, விடும்மா" என்றார் அமலதாஸ்.

"அடியில நல்லாத்தாங்க இருக்கு. காயப்போட்டா ஆயிரும்."

"எங்க அனுப்பப்போற?"

அவள் கை நின்றது. பொறுக்கியதைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போட்டாள்.

ஊர் திரும்பியதும் மலையம்மாள் ஓடிவந்து, "கடலை போய்ச் சேந்துச்சாம்மா?" என்று கேட்டாள். அமலதாஸ் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடைக்கலமேரி, "சேந்துரும்" என்றாள்.

அந்த வருஷம் முழுக்க வீட்டில் ரேடியோ ஓடியது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்று ஒருநாள் சொல்வார்கள். முறிந்துவிட்டது என்று இன்னொருநாள் சொல்வார்கள். உணவு விமானத்தைப் பகலில் விடலாம், நாங்கள் சோதித்து அனுப்புகிறோம் என்றது வளைத்து நின்ற ஒரு பக்கம். நீ சோதித்தால் அதில் விஷம் வைப்பாய், பகலில் விட்டால் அதன் பின்னாலேயே உன் குண்டு விமானம் வரும், இரவில்தான் இறங்க வேண்டும் என்றது மறுபக்கம். இரவு விமானத்தில் துப்பாக்கி வருகிறது என்றது முதல் பக்கம்.

"பசிக்குப் பகலென்ன, ராத்திரியென்ன?" என்று அடைக்கலமேரி ரேடியோவைப் பார்த்துக் கேட்டாள். "ஏங்க, இவுக யாரும் பிள்ளை பெத்தவுக இல்லையா?"

அமலதாஸ் இன்னும் இரண்டு தந்தி கொடுத்தார். இன்னொரு ஊர்வலமும் போனது. அதற்கு வந்தவர்கள் குறைவு. மூன்றாவது ஊர்வலத்துக்கு ஆள் சேரவில்லை. செட்டியார் மட்டும் வந்து, சாமியாரோடும் அமலதாஸ் தம்பதியோடும் கோயில் வாசலில் நின்றுவிட்டுப் போனார். ஊர்க்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. அவரவருக்கு வேலை இருந்தது. பத்திரிகைகளும் படம் போடுவதை நிறுத்திவிட்டன. அடைக்கலமேரிக்கு அதுதான் தாங்கவில்லை. முகங்களைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாவது இருந்தது.

1970 பொங்கலன்று சண்டை முடிந்தது. பயாஃப்ரா சரணடைந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. யார் நிறுத்தச் சொல்லியும் அது நிற்கவில்லை. ஒரு பக்கத்துக்குச் சண்டை போடத் தெம்பில்லாமல் போனதால் நின்றது. வாசலில் கோலத்தை மிதிக்காமல் தாண்டிவந்த மலையம்மாள், "சண்டை நின்னுபோச்சாமேம்மா! இனி பிள்ளையக் கூட்டியாந்துரலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அடைக்கலமேரி அவளுக்குக் கரும்பு ஒடித்துக் கொடுத்தாள்.

பேச்சி இருந்த ஊர் மிஷனின் வெள்ளைக்காரப் பாதிரியார்களை வெளியேற்றிவிட்டார்கள். விசாரிக்க ஆளில்லை. சாமியார் எங்கெங்கோ எழுதி, ஒருவழியாக ஒரு விவரம் கிடைத்தது. சித்தி சண்டையிலேயே இறந்துபோனாள். இறப்பதற்கு முன் குழந்தையை ஒரு கஞ்சித்தொட்டி முகாமில் சேர்த்திருந்தாள். அங்கிருந்து நோய்முற்றிய பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிப் சற்றுத் தள்ளியிருந்த காபோன் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பேச்சி அதில் ஏறினாளா என்று சொல்ல ஆள் இல்லை.

அந்தக் காபோன் முகாமில் பாண்டிச்சேரிக்கார சிஸ்டர் ஒருவர் நர்சாக இருந்ததாகவும், விடுப்பில் வந்து திருச்சியில் தங்கியிருப்பதாகவும் அடுத்த வருஷத் தொடக்கத்தில் சாமியாருக்குத் தகவல் வந்தது. கணவனும் மனைவியும் அன்றே பஸ் ஏறினார்கள்.

சிஸ்டருக்கு நாற்பது வயது இருக்கும். மலேரியாவில் அடிபட்டு மெலிந்திருந்தார். அமலதாஸ் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ங்கேச்சிங்கிற பேர்ல எங்ககிட்ட நிறையப் பிள்ளைங்க இருந்துச்சும்மா. பேர் தெரியாததுங்க அதைவிட நிறைய. நாங்களாத்தான் பேர் வெச்சோம்" என்றார்.

"ஏறுநெத்தி சிஸ்டர். சிரிச்சா ஒரு பக்கம் மட்டும் குழி விழும்."

"சிரிக்கிற பிள்ளை எதுவும் எங்ககிட்ட வரலைம்மா. வரும்போது எல்லா முகமும் ஒண்ணாத்தான் இருக்கும். வாயைத் திறந்து பேசவே வாரக்கணக்கா ஆகும்."

அடைக்கலமேரி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "எம்பிள்ளை தமிழ் பேசும் சிஸ்டர். நல்லாப் பேசும்."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "தமிழா?"

"ஆமா. யாராச்சும் பேசுச்சா?"

"இல்லையேம்மா. பேசியிருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்குமா?" என்ற சிஸ்டர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் அதுங்ககிட்டத் தமிழ்ல பேசிப் பாக்கலை. பிரெஞ்சுலதான் பேசினேன். சாப்பிடு, தூங்கு, வாயைத் திற, எல்லாம் பிரெஞ்சுலதான். அந்தப் பிள்ளைங்களுக்குத் தமிழ் தெரிஞ்சிருக்கும்னு எனக்கு எப்படித் தோணும்?"

சிஸ்டர்தான் அழுதார். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை 'பசிக்குதா'ன்னு கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிழைத்த பிள்ளைகளை எல்லாம் திரும்ப அவர்கள் நாட்டுக்கே அனுப்பியாகிவிட்டது என்றும், சொந்தபந்தம் தெரியாதவர்களை அங்கங்கே விடுதிகளில் விட்டிருப்பார்கள் என்றும் சொன்னார். பிழைக்காதவர்களுக்குக் கல்லறை முகாமுக்குப் பின்னால். அதில் பாதிக்கு மேல் பெயர் கிடையாது.

பஸ்ஸில் திரும்பும்போது அமலதாஸ், "உயிரோட இருக்கும் மேரி" என்றார்.

"ம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தா பத்துப் பதினோரு வயசு. வயசுக்கு வாரப்ப யாரு இருப்பா?" என்றாள்.

நாலைந்து மாதத்தில் கிழக்கு வங்காளத்திலிருந்து ஜனங்கள் சண்டைக்குத் தப்பி லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வருவதாகச் செய்தி நிறைந்தது. மறுபடியும் பத்திரிகைகளில் படங்கள். இந்தத் தடவை ஊரே எழுந்தது. கல்லூரி, கடைவீதி, கோயில், பள்ளிவாசல் எல்லாரும் சேர்ந்தார்கள். மெய்யநாதன் செட்டியார் தடியை ஊன்றிக்கொண்டு வீடு தேடி வந்தார்.

"வாத்தியாரம்மா, நீங்க முன்னால நடந்தாத்தான் பொம்பளைக வருவாக."

"நடந்தா நிக்குமாய்யா?"

"சொல்லத் தெரியலையேம்மா. அன்னைக்கும் தெரியாமத்தான் நடந்தோம்."

"நான் வரலைய்யா. கோவிச்சுக்காதீக. எனக்குக் குரல் வராது." அவர் எழுந்தபோது அவளே மறித்துச் சொன்னாள். "கருவாடு, கடலை எதுவும் வாங்காதீக. பால்மாவும் துணியும் மட்டும் வாங்குங்க. அங்க வாங்கிக்கிறது யாரு, எந்த ரயில்ல போகுதுன்னு முதல்ல கேட்டுட்டு, அதுக்கப்புறம் ஆசாரியப் பெட்டி அடிக்கச் சொல்லுங்க."

செட்டியார் தலையசைத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஊர்வலம் அவர்கள் தெரு வழியாகத்தான் போனது. அமலதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு தயங்கி நின்றார். "போயிட்டு வாங்க" என்றாள். அவர் போய்க் கூட்டத்தில் கலந்துகொண்டார். பெண்கள் வரிசையிலிருந்து மலையம்மாள், "வாங்கம்மா!" என்று கையை ஆட்டினாள். அடைக்கலமேரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கி நடக்கக் கால் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகவும் முடியவில்லை. கடைசி ஆள் கடந்து போய், கோஷம் கடைவீதிப் பக்கம் திரும்பித் தேய்ந்துபோன பிறகும் அவள் அப்படியேதான் நின்றாள்.

அமலதாஸ் திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது அவருக்கு.

"நிறைய வந்திருந்தாகளா?" என்று கேட்டாள்.

"நிறைய, மேரி. ரோடு கொள்ளல."

"தந்தி குடுத்தீகளா?"

"குடுத்தோம்."

அவள் உள்ளே போய் அவருக்கு வெந்நீர் வைத்தாள்.